பாஸ்க் மொழியும் ஜெர்மன் மொழியும் உறவினவா?

ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கும் தமிழர் ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது: "ஜெர்மனில் வேற்றுமைகள் இருக்கின்றன, பாஸ்க்கிலும் இருக்கின்றன. இரண்டிலும் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போகிறது. இரண்டிலும் சொற்களை ஒட்டி நீண்ட சொற்களைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் ஆற்றுப் பெயர்கள் சிலவே பாஸ்க் இனத்து மொழியிலிருந்து வந்தவை என்று ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் எழுதியதாகப் படித்தேன். அப்படியானால் இவை இரண்டும் உறவுள்ள மொழிகளா? தமிழ் பேசும் எனக்கு இரண்டில் எது எளிதாக வரும்?" இதில் உண்மையாகக் கேட்கப்படுவது, இரண்டு மொழிகள் ஒன்றுபோலத் தோன்றினால் அந்தத் தோற்றத்துக்கு என்ன காரணம் என்பதே. ஒரே தாயின் வழி வந்திருக்கலாம், அக்கம்பக்கத்தில் வாழ்ந்து ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கியிருக்கலாம், அல்லது மனித மொழிகளுக்கு இருக்கும் சில வழிகளுள் ஒரே வழியைத் தற்செயலாக இரண்டும் தேர்ந்திருக்கலாம். கேள்வியில் சொல்லப்பட்ட ஒவ்வோர் ஒற்றுமைக்கும் காரணம் வெவ்வேறு என்பதால் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒப்பியல் மொழியியல் நான் பயின்ற துறை. ஜெர்மனைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பாஸ்க்கை இலக்கண நூல்களின் வழியாகவும் பழைய பனுவல்களின் வழியாகவும் பயின்றேனே தவிர, அந்நாட்டு வீடுகளில் பேசிப் பழகியவன் அல்லேன். ஆகவே அமைப்பைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். இன்றைய பேச்சின் நுட்பங்களில் அங்கே பிறந்து வளர்ந்தவர் மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதையே கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதது: இவ்விரு மொழிகளும் உறவினவல்ல. ஜெர்மன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. பாஸ்க், அதைப் பேசுவோர் சொல்லும் பெயரில் எவுஸ்காரா, எந்தக் குடும்பத்துடனும் இணைத்துக் காட்ட முடியாத தனிமொழி. இதை எப்படி அறிகிறோம் என்பதே முக்கியம். உறவை மெய்ப்பிப்பது அமைப்பில் தெரியும் சாயல் அன்று; அடிப்படைச் சொற்களில் மீண்டும் மீண்டும் ஒரே முறையில் வரும் ஒலி இணைகளே மெய்ப்பிக்கும். லத்தீனின் 'பிஸ்கிஸ்' (மீன்) ஜெர்மனில் 'ஃபிஷ்'. 'பாத்தெர்' (தந்தை) அங்கே 'ஃபாட்டர்'. அதாவது லத்தீனில் பகரம் வரும் இடத்தில் ஜெர்மனில் ஃபகரம். 'கொர்னு' (கொம்பு) 'ஹோர்ன்' ஆகிறது, 'கெந்தும்' (நூறு) 'ஹுண்டர்ட்' ஆகிறது. அதாவது ககரத்துக்கு ஹகரம். இந்த ஒழுங்கை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக எழுதினார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒரு குடும்பமாக நிறுவியபோதும் ஒலிகளின் இத்தகைய ஒழுங்குக்கு முக்கிய இடம் இருந்தது. இதே பொருள்களுக்குப் பாஸ்க்கில் மீன் 'அர்ராயின்', தந்தை 'ஐத்தா', கொம்பு 'அதார்', நூறு 'எஹுன்'. ஜெர்மனோடு இவற்றுக்கு எந்த ஒலி ஒழுங்கும் கிடையாது. ஓரிரு சொற்கள் ஒத்துப்போனாலும் அதனால் பயனில்லை; எந்த இரு மொழிகளை எடுத்தாலும் அத்தனை ஒப்பு தற்செயலாகவே கிடைக்கும்.

இரண்டின் நிலைமையிலும் பெரிய வேறுபாடு உண்டு. அது ஆராய்ச்சியையும் பாதிக்கிறது. ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 9 கோடிக்கு மேல். பாஸ்க் பேசுவோர் 7.5 லட்சத்துக்கு மேல், ஸ்பெயினிலும் பிரான்ஸிலுமாகப் பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையை ஒட்டி வாழ்பவர்கள். ஜெர்மன் எழுத்துச் சான்றுகள் 8ஆம் நூற்றாண்டிலேயே தொடங்குகின்றன. அதற்கும் முன்னால், 4ஆம் நூற்றாண்டில் கோத்திக் மொழியில் செய்யப்பட்ட விவிலிய மொழிபெயர்ப்பு ஜெர்மானியக் கிளையின் பழைய நிலையைக் காட்டுகிறது. பாஸ்க்கில் முதல் அச்சு நூல், பெர்னார் எச்செப்பாரேயின் கவிதைத் தொகுதி, 1545இல்தான் வந்தது. 1571இல் லெய்சர்ராகாவின் புதிய ஏற்பாடு வந்தது. அதற்கு முன்பு கிடைப்பவை துணுக்குகள். அவற்றுள் மிக விலைமதிப்புள்ளவை ரோமானியர் காலத்தில் அக்கித்தானியாவின் (இன்றைய தென்மேற்குப் பிரான்ஸ்) கல்வெட்டுகளில் பதிவான ஆட்பெயர்களும் தெய்வப் பெயர்களும். அவற்றில் 'நெஸ்காட்டோ', 'கிசொன்', 'அந்தெரே' போன்றவை இன்றைய பாஸ்க்கின் சிறுமி, ஆண், சீமாட்டி என்னும் சொற்களோடு வெளிப்படையாகப் பொருந்துகின்றன. எனவே அந்த மொழி பாஸ்க்கின் மூதாதை, அல்லது அதற்கு மிக நெருங்கிய உறவு என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வட ஸ்பெயினின் பம்ப்லோனா நகருக்கு அருகே இருலேகியில் 2021இல் கிடைத்து 2022இல் அறிவிக்கப்பட்ட வெண்கலக் கை வடிவத் தகட்டை, அதன் முதற்சொல் நல்வாய்ப்பைக் குறிக்கும் 'ஸோரியோனெகோ'வைப் போல இருப்பதால், உடனே பழைய பாஸ்க் என்று கொள்ளக் கூடாது. அந்த வாசிப்பைப் பற்றி வல்லுநர்களே உடன்படவில்லை. மீதி வரிகளுக்கு ஏற்கப்பட்ட பொருள் இன்னும் இல்லை.

இனி வேற்றுமைகள். ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள்; பாஸ்க்கில் எண்ணுபவரின் கணக்குக்கு ஏற்பப் பன்னிரண்டும் அதற்கு மேலும். எண்ணிக்கையைவிட உருபு எங்கே நிற்கிறது என்பதே பெரிய வேறுபாடு. 'சின்னக் குழந்தையோடு' என்பது ஜெர்மனில் 'மிட் டெம் க்ளைனென் கிண்ட்'. இதில் 'மிட்' என்பது முன்னால் வரும் 'ஓடு'. வேற்றுமையின் அடையாளம் 'டெம்' என்னும் சுட்டிலும் 'க்ளைனென்' என்னும் பெயரடையின் ஈற்றிலும் சிதறிக் கிடக்கிறது. குழந்தை என்னும் பெயர்ச்சொல்லோ மாறாமலே நிற்கிறது. பாஸ்க்கில் அதுவே 'ஹவுர் ச்சிக்கியாரெக்கின்'. ஹவுர் குழந்தை, ச்சிக்கி சின்ன, மீதியெல்லாம் உருபு. தொடர் முழுவதற்கும் ஒரே உருபு, தொடரின் கடைசியில் ஒருமுறை மட்டும் வருகிறது. தமிழருக்கு இது புதிதன்று. 'சின்ன' என்பதற்கு நாமும் உருபு சேர்ப்பதில்லை. ஒரே வேறுபாடு, பாஸ்க்கில் பெயரடை பெயருக்குப் பின்னால் வருவதால் உருபு பெயரடையின் மேல் ஏறிக்கொள்கிறது. ஜெர்மனின் வேற்றுமைகள் இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியில் இருந்த எட்டு வேற்றுமைகள் தேய்ந்த மிச்சம். பாஸ்க்கின் உருபுகளில் பல, பின்னால் நின்ற தனிச்சொற்கள் ஒட்டிப்போய் உருவானவை என்று கருதப்படுகின்றன. 'வேற்றுமை' என்னும் ஒரே இலக்கணப் பெயரை இட்டுவிட்டதால் இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவற்றின் வரலாறு எதிரெதிர் திசையில் சென்றிருக்கிறது.

இதைவிட ஆழமான வேறுபாடு எழுவாயில் இருக்கிறது. பாஸ்க்கைப் பற்றி ஒன்றை மட்டும் அறிய நேரமுள்ளவர் இதை அறிந்தால் போதும் என்பேன். 'அந்த ஆள் வந்தான்' என்பது 'கிஸோனா எத்தொர்ரி தா'. 'அந்த ஆள் ரொட்டியைத் தின்றான்' என்பது 'கிஸோனாக் ஓகியா யான் து'. வந்தவன் 'கிஸோனா', தின்றவன் 'கிஸோனாக்'. தின்னப்பட்ட ரொட்டி 'ஓகியா', வந்த ஆளைப் போலவே உருபு ஏதும் ஏற்காமல் நிற்கிறது. அதாவது செயப்படுபொருளைத் தனியாகக் குறிக்காமல், செயப்படுபொருள் இருக்கும்போது செய்பவரைத் தனியாகக் குறிக்கிறது இந்த மொழி. மொழியியலில் இதை எர்கேட்டிவ் அமைப்பு என்பர். இந்தி படித்தவர்கள் இறந்தகால வாக்கியங்களில் வரும் 'நே' உருபை நினைத்துக்கொள்ளலாம். பாஸ்க்கில் எல்லாக் காலத்திலும் அப்படி. ஜெர்மனோ தமிழின் பக்கம் நிற்கிறது. வந்த ஆளும் தின்ற ஆளும் ஒரே 'டெர் மன்'; பார்க்கப்படும் நாய்தான் 'டெர் ஹுண்ட்' என்பதிலிருந்து 'டென் ஹுண்ட்' ஆகிறது. இந்த ஓர் இடத்தில் ஜெர்மன், தமிழ், லத்தீன் ஆகிய மூன்றும் ஒரு கரையிலும் பாஸ்க் மறு கரையிலும் நிற்கின்றன. அதற்காகத் தமிழும் ஜெர்மனும் உறவென்று யாரும் சொல்வதில்லை. அமைப்புச் சாயல் உறவுக்குச் சான்றாகாது என்பது இங்கே தெளிவாகும்.

வினையும் அப்படியே. ஜெர்மன் வினை எழுவாய்க்கு மட்டும் இயைந்து மாறுகிறது. பாஸ்க் துணைவினை செய்பவர், செய்யப்பட்டது, பெறுபவர் ஆகிய மூவரையும் தன்னுள் தாங்குகிறது. 'எமான் துத்' என்றால் 'அதை நான் கொடுத்தேன்'. கொடுக்கப்பட்டவை பல என்றால் 'எமான் தித்துத்'. அவனுக்குக் கொடுத்தேன் என்றால் 'எமான் தியொத்'. அவனுக்குப் பலவற்றைக் கொடுத்தேன் என்றால் 'எமான் திஸ்கியொத்'. நான், அவன், அவை என்னும் பெயர்கள் எதையும் வெளியே சொல்ல வேண்டியதில்லை. 'திஸ்கியொத்' என்னும் ஒரு சொல்லில் மூன்றும் அடக்கம். ஜெர்மன் இதற்கு மூன்று தனிச் சுட்டுப்பெயர்களை வரிசையாக அடுக்க வேண்டும். மறுபுறம், ஜெர்மன் வினையின் பழமையான அழகு உயிரெழுத்து மாற்றத்தில் இருக்கிறது: 'ஸிங்கென், ஸாங், கெஸுங்கென்' என்று பாடுவதன் காலம் உள்ளுயிரால் மாறும். அது இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியிலிருந்து நேரே வந்த சொத்து. பாஸ்க்கில் அப்படி ஒன்று இல்லை.

கேள்வி கேட்டவர் கவனித்த 'வினை கடைசிக்குப் போவது' உண்மையான கவனிப்பு; அதைக் கூர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனில் தலைமை வாக்கியத்தில் காலம் காட்டும் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். துணை வாக்கியத்தில்தான் கடைசிக்குப் போகும். 'அவன் புத்தகத்தைப் படித்தான் என்று' என்பது 'டஸ் எர் டஸ் பூஹ் கெலேசென் ஹட்'. பாஸ்க்கில் 'லிபூருவா இரக்குர்ரி துவேலா'. இரண்டிலும் புத்தகம், படித்த, துணைவினை என்னும் ஒரே வரிசை. இந்த இடத்தில் ஒரு மொழியைச் சொல்லுக்குச் சொல் மற்றதன்மேல் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஜெர்மனில் 'என்று' என்பதற்குரிய 'டஸ்' தொடக்கத்தில் நிற்கிறது. பாஸ்க்கின் 'லா' நம் 'என்று' போலவே வினைக்குப் பின்னால் ஒட்டுகிறது. பெயரெச்சத் தொடரிலும் இதே பிரிவினைதான். 'நான் படித்த புத்தகம்' பாஸ்க்கில் 'நிக் இரக்குர்ரி துதான் லிபூருவா', தமிழின் வரிசையேதான். ஜெர்மனின் இயல்பான வழக்கு 'புத்தகம், எதை நான் படித்தேனோ' என்று பின்னால் தொடர்வது. பாஸ்க் தலைமை வாக்கியத்தில் வினை கடைசியில் வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை; அழுத்தம் பெறும் சொல் வினைக்கு நேர் முன்னால் நிற்க வேண்டும் என்பதே அங்கே ஆளும் விதி. 'யார் கொண்டுவந்தார்?' என்றால் பதிலில் கொண்டுவந்தவர் பெயர் வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும், மற்றவை எங்கும் போகலாம். ஜெர்மனில் இடம் வினைக்கு நிலைபெற்றது. பாஸ்க்கில் இடம் அழுத்தத்துக்கு நிலைபெற்றது.

கேள்வியில் இல்லாத, ஆனால் இரண்டையும் பயில்பவரை உடனே ஈர்க்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு. ஜெர்மனில் 'அவன் வந்திருக்கிறான்' என்பதற்கு 'இரு' துணைவினை: 'எர் இஸ்ட் கெகொமென்'. 'படித்திருக்கிறான்' என்பதற்கு உடைமையைக் குறிக்கும் துணைவினை: 'எர் ஹட் கெலேசென்'. பாஸ்க்கிலும் 'எத்தொர்ரி தா', 'இரக்குர்ரி து' என்று அதே இரண்டு துணைவினைகள், அதே பங்கீடு. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகியவற்றில் பரவியிருக்கும் இந்த மேற்கு ஐரோப்பிய வழக்கம் பாஸ்க்கையும் தொட்டிருக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உள்ளே சென்று பார்த்தால் வேர் வேறு. ஜெர்மனில் இந்தப் பிரிவு நிறைவுற்ற செயலைச் சொல்லும்போது மட்டும் உண்டு. பாஸ்க்கில் அது வழக்கமாகச் செய்வதற்கும் ('இரக்குர்ட்ஸென் து'), இனிச் செய்யப்போவதற்கும் ('இரக்குர்ரிகோ து') உண்டு. செய்பவருக்குத் தனி உருபு கொடுக்கும் அந்த அடிப்படைப் பிளவே இங்கே துணைவினையிலும் தெரிகிறது. 'தூங்கினான்' என்பதற்கு இரண்டு மொழிகளும் உடைமைத் துணைவினையையே பயன்படுத்துகின்றன. ஆனால் பாஸ்க்கில் அதற்குக் காரணம், அங்கே 'தூக்கம் செய்தான்' என்று சொல்வதால் தூக்கமே செயப்படுபொருளாகிவிடுவது. பாஸ்க்கின் இந்த அமைப்பில் அண்டை மொழிகளின் செல்வாக்கு எவ்வளவு, சொந்த வளர்ச்சி எவ்வளவு என்பது இன்னும் தீராத விவாதம். ஜெர்மனிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் தெளிவு.

பால் பாகுபாட்டில் ஜெர்மன் கற்பவரின் துன்பம் எல்லோரும் அறிந்தது: கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமற்ற பால். பாஸ்க் பெயர்ச்சொல்லுக்குப் பாலே கிடையாது. 'அவன்', 'அவள்' என்னும் வேறுபாடும் இல்லை. ஆனால் நெருங்கியவரோடு பேசும் வழக்கில் ஒரு விந்தை உண்டு. 'அவன் வந்துவிட்டான்' என்பதை ஆண் நண்பனிடம் சொன்னால் 'எத்தொர்ரி துக்', தோழியிடம் சொன்னால் 'எத்தொர்ரி துன்'. கேட்பவர் வாக்கியத்தில் பங்கேற்காதபோதும் அவருடைய பால் வினையில் பதிகிறது. ஐரோப்பிய மாணவர்களுக்கு இதை விளக்கப் பெரும்பாடு படுகிறார்கள். 'வந்துட்டான்டா', 'வந்துட்டான்டி' என்று பேசிப் பழகிய தமிழருக்கு விளக்கமே வேண்டாம். மரியாதைப் பன்மையும் அப்படியே. பாஸ்க்கின் 'ஸு' முதலில் பன்மை. பிறகு ஒருவரை மதித்து அழைக்கும் சொல்லாகி, பன்மைக்கு 'ஸுவெக்' என்று புதிதாக ஒன்று பிறந்தது. 'நீர்' ஒருவருக்கு ஆனபின் 'நீங்கள்' பிறந்த கதையே அது.

இப்போது தொடர்பால் வந்த ஒற்றுமை. இரு மொழிகளும் நேரடியாகச் சந்தித்துக்கொண்டது குறைவு. ஆனால் இரண்டும் ரோமப் பேரரசின் அருகில் வாழ்ந்து ஒரே கடையில், அதாவது பேச்சு லத்தீனிடம், கடன் வாங்கின. இந்தப் பகுதியில்தான் ஒப்பீடு உண்மையான பயன் தருகிறது. செர்ரிப் பழத்துக்குப் பேச்சு லத்தீனில் 'கெரெசியா' போன்றதொரு வடிவம் இருந்தது. ஜெர்மனில் அது 'கிர்ஷெ', பாஸ்க்கில் 'கெரெசி'. இரண்டிலும் முதல் ஒலி ககர இனம்; பாஸ்க்கில் மட்டும் குரலொலியோடு, கங்கையின் ககரம் போல. ஆனால் லத்தீனின் நேர் மகளான பிரெஞ்சில் 'செரீஸ்'. லத்தீனில் எகர, இகரங்களுக்கு முன்னால் வந்த ககரம் பிற்காலத்தில் சகரம் போன்ற ஒலிகளாக உருமாறியது. அந்த மாற்றம் எட்டுவதற்கு முன்பே இவ்விரு மொழிகளும் சொல்லை வாங்கிவிட்டன. தாய்மொழியின் மகள்கள் தொலைத்த ஒலியை, உறவே இல்லாத இரண்டு அண்டை மொழிகள் காத்து வைத்திருக்கின்றன. கீல் (தார் போன்ற கறுப்புப் பிசின்) என்னும் பொருளுடைய லத்தீன் சொல் ஜெர்மனில் 'பெஹ்' ஆகவும் பாஸ்க்கில் 'பிக்கே' ஆகவும் நிற்பதிலும் இதே பழமை தெரிகிறது. 'அமைதி' என்பதற்கான லத்தீன் 'பாக்கெம்' பாஸ்க்கில் 'பாக்கே'. சிற்றறையைக் குறித்த 'கெல்லா' பாஸ்க்கில் 'கெலா'. அதன் வழிச்சொல் ஜெர்மனில் நிலவறையைக் குறிக்கும் 'கெல்லர்'. அதே 'கெல்லா' சில நூற்றாண்டுகள் கழித்து மடங்களின் வழியாக மீண்டும் ஜெர்மனுக்கு வந்தபோது 'ட்ஸெல்லெ' என்றாகிவிட்டது. இப்படிக் கடன் சொற்களின் முதல் ஒலியைப் பார்த்தே அவை எந்தக் காலத்தில் எல்லை தாண்டின என்று வரிசைப்படுத்த முடிகிறது.

வாங்கியதை எப்படி உருமாற்றின என்பதில் இரண்டும் பிரிகின்றன. ஜெர்மன் மெய்ம்மயக்கத்துக்கு அஞ்சாத மொழி. 'ஸ்ட்ரும்ப்ஃப்' போன்ற சொல் அதற்கு இயல்பு. பழைய பாஸ்க் சொல்லின் தொடக்கத்தில் இரட்டை மெய்யை ஏற்காது: 'ப்ளூமா' (இறகு) 'லூமா' ஆயிற்று, 'ஃப்ளோரெ' (பூ) 'லோரே' ஆயிற்று, 'லிப்ரும்' (நூல்) நடுவிலும் உயிரேற்று 'லிபூரு' ஆயிற்று. சொல் ரகரத்தில் தொடங்குவதையும் அது ஏற்காது: அரசனைக் குறித்த 'ரெகெ' முன்னால் ஓர் உயிரேற்று 'எர்ரெகே' ஆனது, ரோஜா 'அர்ரோசா' ஆனது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் தொல்காப்பிய விதியும், அதனால் வந்த 'அரங்கம்', 'இராமன்' என்னும் வடிவங்களும் தமிழருக்கு நினைவு வரும். வரட்டும்; ஆனால் அதை உறவாக எண்ணிவிடக் கூடாது. துருக்கிய மொழிகளிலும் பழைய சொற்கள் ரகரத்தில் தொடங்குவதில்லை. 1963இல் திராவிடத்தையும் பாஸ்க்கையும் இணைத்து நிக்கோலாஸ் லஹோவாரி ஒரு பெரிய நூலே எழுதினார். அதில் ஒலி ஒழுங்கு நிறுவப்படாததால் துறை அதை ஏற்கவில்லை. நம் மொழியைப் பற்றிய கருத்து என்பதற்காக அளவுகோலைத் தளர்த்தினால், பிறர் கருத்தை மறுக்கும் உரிமை நமக்கு இராது.

ஜெர்மானியர் பாஸ்க் மொழிக்குச் செய்த பணி சொற்கடனைவிடப் பெரிது. வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட் 1801இல் பாஸ்க் நாட்டுக்கு இதற்காகவே பயணம் செய்து, துராங்கோவில் அஸ்தார்லோவா என்னும் பாதிரியாரிடம் மொழியைக் கற்று, ஐரோப்பிய அறிஞர் உலகின் கவனத்தை அம்மொழியின் பக்கம் திருப்பினார். 1821இல் அவர் எழுதிய நூல் ரோமானியருக்கு முன் ஸ்பெயினில் பேசப்பட்ட பண்டைய ஐபீரிய மொழியும் பாஸ்க்கும் ஒன்றே என்று வாதிட்டது. 20ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய அறிஞர் கோமஸ் மொரேனோ ஐபீரிய எழுத்தை வாசித்துக் காட்டிய பிறகு, பாஸ்க்கைக் கொண்டு அந்த வாசகங்களுக்குப் பொருள் காண முடியவில்லை. ஆகவே ஹும்போல்டின் முடிவு அந்த வடிவில் நிற்கவில்லை. எனினும் ஐபீரியத்தின் எண்ணுப்பெயர்கள் பாஸ்க்கை ஒத்திருக்கின்றன என்று சிலர் முன்வைக்கும் கருத்து இன்றும் விவாதத்தில் இருக்கிறது. கோத்தாவில் பிறந்து கிராட்ஸில் பேராசிரியராக இருந்த ஹூகோ ஷூஹார்ட் 1900இல் லெய்சர்ராகாவின் பழைய மொழிபெயர்ப்பை இன்னொருவருடன் சேர்ந்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். பாஸ்க் மொழி ஆராய்ச்சியின் பழைய அடித்தளங்களில் ஒரு நல்ல பகுதி ஜெர்மன் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வியில் வந்த ஆற்றுப் பெயர்களின் கதை மியூனிக்கில் பேராசிரியராக இருந்த தியோ ஃபென்னெமான் முன்வைத்தது. ஐரோப்பா முழுவதும் ஒன்றுபோல ஒலிக்கும் ஆற்றுப் பெயர்களை முன்பு ஹான்ஸ் கிராஹே பழைய இந்தோ-ஐரோப்பிய அடுக்கு என்றார். அவை பாஸ்க்கின் இனத்து மொழிகள் விட்டுச்சென்றவை என்றார் ஃபென்னெமான். இது தீவிர அறிஞர் ஒருவரின் கருத்து என்பதால் மதித்துப் படிக்க வேண்டும். ஆனால் பாஸ்க் வரலாற்றை ஆழமாக அறிந்த டிராஸ்க், லக்கார்ரா போன்றோர் இதை ஏற்கவில்லை. அவர்களின் வாதம் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெயர்களை விளக்க இன்றைய பாஸ்க் சொற்களை அப்படியே எடுத்துவைக்க முடியாது. பாஸ்க் மொழியியலர் கொல்தோ மிச்செலேனா 1961இல் நிறுவிய பழைய ஒலி அமைப்பின் வழியாகவே செல்ல வேண்டும். அப்படிச் சென்றால் ஒப்புகளில் பல கரைந்துவிடுகின்றன. மேலும் ஆற்றுப் பெயருக்குப் பொருள் எழுதிவைத்தவர் எவரும் இல்லை. குறுகிய அசைகளுக்கு எந்த மொழியிலிருந்தும் ஒரு பொருளைத் தேடிக்கொள்ளலாம். 'வெள்ளி' என்பதற்கு ஜெர்மனில் 'ஸில்பர்', பாஸ்க்கில் 'ஸிலார்' என்பது மட்டும் உண்மையிலேயே யோசிக்க வைக்கும் இணை. வணிகப் பொருளோடு நாடு நாடாகத் திரிந்த சொல் அது என்பதில் பலர் உடன்படுகிறார்கள். எங்கே புறப்பட்டது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது தீர்க்கப்படவில்லை.

'பாஸ்க் ஐரோப்பாவின் மிகப் பழைய மொழி' என்னும் வாசகத்தையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். பேசப்படும் எல்லா மொழிகளுக்கும் பின்னால் ஒரே அளவு காலம் இருக்கிறது. சரியாகச் சொல்லக்கூடியது, இந்தோ-ஐரோப்பிய மொழிகள் மேற்கு ஐரோப்பாவில் பரவுவதற்கு முன்பே பாஸ்க்கின் மூதாதை அங்கே இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பதுதான். மரபணு ஆய்வுகளை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. 2019இல் வெளியான ஐபீரியத் தொல்மரபணு ஆய்வு, வெண்கலக் காலத்தில் கிழக்குப் புல்வெளியிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் பாஸ்க் மக்களிலும் கலந்திருப்பதைக் காட்டியது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளைக் கொண்டுவந்ததாகக் கருதப்படும் அந்த மரபுக்கூறு அங்கே வந்துவிட்டது, மொழி மட்டும் மாறவில்லை. மரபணுவைக் கொண்டு மொழியின் வயதை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தமிழருக்கு எது எளிது என்பதற்கு என் பதில்: பாஸ்க்கின் பெயர்ச்சொல்லும் எச்சத் தொடர்களும் எளிது, வினை கடினம்; ஜெர்மனின் வினை எளிது, பெயர்ச்சொல்லின் பாலும் சுட்டுகளின் ஈறுகளும் கடினம். பாடநூல், ஆசிரியர், தேர்வு, வேலை என எல்லா வசதியும் ஜெர்மனுக்கே உண்டு. பாஸ்க்குக்குத் தமிழில் பாடநூலை நான் கண்டதில்லை. ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு ஆகியவற்றில் ஒன்றன் வழியாகத்தான் போக வேண்டும். போவதென்றால் 1968இல் அரான்ட்ஸாஸு மாநாட்டிலிருந்து வடிவம் பெற்ற பொது எழுத்து வழக்கான பாத்துவாவில் தொடங்குங்கள். வட்டார வழக்குகள் பிறகு வரட்டும். முதல் மாதத்தில் 'நோர், நோரி, நோர்க்' (யார், யாருக்கு, செய்தவர் யார்) என்று மாணவர்கள் அழைக்கும் அந்தப் பெரிய வினை அட்டவணையை முழுவதும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். 'தா' எப்போது, 'து' எப்போது என்பதும், செய்பவரின் மேல் 'க்' எப்போது ஏறும் என்பதும் கைக்கு வந்த பிறகு அந்த அட்டவணையின் கட்டங்கள் தாமாகவே பிடிபடத் தொடங்கும். ஜெர்மனை இப்போதே கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் 'இஸ்ட்', 'ஹட்' என்னும் பிரிவு உங்களுக்குப் பழகியிருக்கும். அதை முதல் படியாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, பாஸ்க்கின் நிகழ்காலத்துக்கு வரும்போது விட்டுவிடுங்கள்.